அரியணையும் அமானிதமும்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் இருமருங்கும் தொடர்ந்து வர, ஆதனக்கோட்டையைக் கடந்து வடக்கே சென்றால் கந்தர்வக்கோட்டை வரும். இன்று இரண்டு ஊர்களும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. ஆயின், எண்பது ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே வண்டி பூட்டிச் சென்றவர், ஓர் அரசின் எல்லையைக் கடந்து மற்றோர் அரசின் எல்லைக்குள் புகுந்தவராவார். ஆதனக்கோட்டை தொண்டைமான் மன்னரின் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கந்தர்வக்கோட்டையோ ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஜமீன். 1974ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாக அமைந்தபோதுதான் கந்தர்வக்கோட்டை அதனோடு சேர்ந்தது.

அவ்வூரில் உறவினர் ஒருவர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். மஃரிபுத் தொழுகைக்குப் பின் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அவ்வீட்டுப் பெரியவர் ஒரு சுருக்குப்பையை அவிழ்த்துப் பழைய செப்புக்காசு ஒன்றை எடுத்துக் காட்டினார். மிளகைவிடச் சற்றே பெரியது. ஒரு புறம் அமர்ந்த கோலத்தில் அம்மன் உருவம். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் சொல். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசு அது. அத்தகைய காசுகள் இருபது சேர்ந்தால் ஓரணா.

கல்லூரியில் வரலாறு பயிலும் அவருடைய பேரன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "மாமு, காசில் மன்னருடைய தலை இல்லை, அம்மன் இருக்கிறது. மன்னரும் தம்மை அம்மனின் அடிமை என்றுதான் எழுதிக்கொண்டாராம். அப்படியானால் அது சமய ஆட்சியா, மன்னராட்சியா? நம்முடைய கலீபாக்கள் நடத்தியது எது? இரண்டில் எதுதான் மேல்?"

வினா சிறிதாயினும் விடை சிறிதன்று. அன்றிரவு நான் கூறியது அவனுக்கு நிறைவளித்திராது. எனவே, சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

மூன்று உரைகற்கள்

சமய ஆட்சி என்றும் மன்னராட்சி என்றும் பெயர் சூட்டிவிடுவது எளிது. பெயர் எதுவாயினும் ஆளப்படும் குடிமகன் கேட்கத்தக்க கேள்விகள் மூன்றே. ஆள்பவரை அவ்விடத்தில் அமர்த்தியவர் யார்? கருவூலத்திலுள்ள பொருள் யாருடையது? ஆள்பவர் தவறினால் அவரைக் கேட்பவர் யார்? இம்மூன்று உரைகற்களிலும் இருவகை ஆட்சிகளையும் உரைத்துப் பார்ப்போம்.

மன்னராட்சியை இஸ்லாம் முற்றாக வெறுத்ததென்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. இஸ்ரவேலரின் வேண்டுகோளுக்கிணங்கத் தாலூத் அவர்களுக்கு அரசராக நியமிக்கப்பட்டதைத் திருமறை கூறுகிறது. தாவூது (அலை), ஸுலைமான் (அலை) ஆகியோர் நபிமார்களாகவும் அரசர்களாகவும் இருந்தனர். அரசராயிருந்தும் தாவூது நபி தம் கைத்தொழிலின் வருவாயிலேயே உண்டார் என்பதை நம் இல்லங்களில் குழந்தைகளும் அறியும். ஆகவே, மகுடம் ஒன்றினாலேயே ஓர் ஆட்சி கெட்டதாகிவிடாது. ஆட்சியைத் தம் உடைமையாகக் கருதுகின்றாரா, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகக் கருதுகின்றாரா என்பதைப் பொறுத்தே அது அமையும்.

மதீனா நகரின் முப்பதாண்டுகள்

கி.பி. 632இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது தமக்குப் பின் ஆள்வதற்கு மகன் எவரையும் விட்டுச் செல்லவில்லை. மதீனாவில் பனூ ஸாயிதா கூடத்தில் கூடியவர்கள் வாதிட்டு முடிவு கண்டனர். மறுநாள் பள்ளிவாசலில் மக்கள் கைகொடுத்து அபூபக்கர் (ரலி) அவர்களை ஏற்றுக்கொண்டனர். தாம் நேர்வழியில் நடந்தால் துணை நிற்குமாறும், தவறினால் திருத்துமாறும் அவர் மக்களை வேண்டிக்கொண்டது அவருடைய முதற் பேருரையிலேயே அமைந்தது. ஆள்பவர் தம்மைக் கேட்கும் உரிமையைத் தம் வாயாலேயே மக்களுக்கு வழங்கிய நிகழ்ச்சி அது.

அபூபக்கர் (ரலி) துணி வணிகர். கலீபாவான பின்னும் துணி மூட்டையைத் தோளில் சுமந்து கடைவீதிக்குப் புறப்பட்டார். வழியில் கண்ட உமர் (ரலி) அவரைத் தடுத்து, குடும்பத்திற்குப் போதுமான அளவு படி பைத்துல்மாலிலிருந்து அளிக்க ஏற்பாடு செய்தார் என்பது வரலாறு. இறக்கும் தறுவாயில் தம்மிடமிருந்த அரசுப் பொருள்களைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லிவிட்டே அவர் கண்மூடினார். அடுத்து வந்த உமர் (ரலி) ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்களுடைய சொத்துகளைக் கணக்கெடுத்துக் குறித்து வைத்துக்கொண்டார். பின்னர் அளவுக்கு மீறிப் பெருகக் கண்டால் விளக்கம் கேட்டார். தேர்தலில் நிற்பவர்கள் சொத்து விவரம் தாக்கல் செய்ய வேண்டுமென்பது நம் நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த விதியாகும்.

கி.பி. 644இல் உமர் (ரலி) பள்ளியிலேயே கத்தியால் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் கிடந்தார். அவருக்கு அப்துல்லாஹ் என்னும் மகன் இருந்தார். வயதிலும் கல்வியிலும் பக்தியிலும் குறைவற்றவர். எனினும் உமர் (ரலி) ஆறு பேரைக் குறிப்பிட்டு அவர்களுள் ஒருவரைத் தேர்ந்துகொள்ளச் செய்தார். மகன் ஆலோசனையில் கலந்துகொள்ளலாம், ஆட்சியில் அவருக்குப் பங்கில்லை என்று வரையறுத்தார். இந்நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவிற் கொள்க. புதுக்கோட்டைக்கு வரும்போது இது மீண்டும் தேவைப்படும்.

நான்காம் கலீபா அலீ (ரலி) அவர்கள், தம் போர்க்கவசம் குறித்து யூதர் ஒருவர்மீது தொடுத்த வழக்கில் போதிய சாட்சியம் இல்லாமையால், தம் ஆட்சியின் காழீயே தமக்கெதிராகத் தீர்ப்பளிக்கக் கண்டு அதனை ஏற்றுக்கொண்டார் என்பது வழிவழி வரும் செய்தி. ஆள்பவரைக் கேட்க ஓர் இடம் இருந்தது என்பதையே அது உணர்த்துகிறது.

ஒரு குறையும் உண்டு

இதுவரை கூறியவை நாம் மேடைதோறும் மகிழ்ந்து கூறுபவை. மேடைகளில் கூறத் தயங்கும் ஒன்றையும் கூறினால்தான் ஒப்பீடு நேர்மையுடையதாகும். நான்கு கலீபாக்களுள் மூவர் கொலையுண்டனர். நால்வரும் நான்கு வேறு முறைகளில் பதவிக்கு வந்தனர். முதல்வர் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டாமவரை முதல்வர் முன்மொழிந்தார். மூன்றாமவரை அறுவர் குழு தேர்ந்தது. நான்காமவரிடம், மூன்றாம் கலீபாவின் கொலைக்குப் பின் குழப்பம் சூழ்ந்த நகரில், மக்கள் திரண்டு சென்று பொறுப்பை ஏற்க வற்புறுத்தினர். வருகைக்கு நிலையான முறை இல்லை. குறை காணப்பட்டால் விலக்குவதற்கும் முறை இல்லை. உதுமான் (ரலி) அவர்களின் ஆளுநர்கள்மீது மனக்குறை கொண்டு வந்தவர்கள் அதனைத் தீர்த்துக்கொள்ள ஓர் அமைப்பு இருந்திருக்குமாயின், 656ஆம் ஆண்டில் அவர் வீடு முற்றுகையிடப்பட்டு, குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த நிலையில் அவர் ஷஹீதாக்கப்படும் கொடுமை நேர்ந்திராது.

கேட்கும் உரிமை அங்கே இருந்தது; கேட்பதற்கான வழிமுறை வகுக்கப்படவில்லை. அந்தப் பெருமக்களின் இறையச்சம் ஆட்சியைத் தாங்கி நின்றது. அத்தகையோர் மறைந்ததும் தாங்குவதற்கு வேறு தூண் இல்லாமற் போயிற்று.

661இல் முஆவியா (ரலி) ஆட்சிக்கு வந்தார். தம் மகன் யஸீதைத் தமக்குப் பின் ஆட்சிக்கு உரியவராக அறிவித்து, தம் வாழ்நாளிலேயே ஒப்புதல் பெற முற்பட்டார். உமர் (ரலி) மூடிய கதவு திறந்துகொண்டது. 680ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 61 முஹர்ரம் பத்தாம் நாள் கர்பலாக் களத்தில் இமாம் ஹுஸைன் (ரலி) சிந்திய குருதி, அக்கதவின் வழியே உள்ளே வந்தது எது என்பதை உலகிற்குக் காட்டிற்று. இடையில் 717 முதல் 720 வரை ஆண்ட உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்), வாரிசு முறையில் வந்த ஆட்சியைத் தாமே மக்கள்முன் வைத்து, வேண்டியவரைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்றார். மக்கள் அவரையே வேண்டினர். தம் குடும்பத்தார் பெற்றிருந்த சொத்துகளையும் பொதுவுக்குத் திருப்பினார். அவருக்குப் பின் பழைய போக்கே தொடர்ந்தது. அப்பாஸியர் காலத்தில் கலீபா, பூமியில் இறைவனின் நிழல் எனப் போற்றப்பட்டார். நிழலை யார் நிறுத்திக் கேள்வி கேட்பது?

துனீஸியாவில் பிறந்த இப்னு கல்தூன் (1332–1406) இம்மாற்றத்தைத் தம் 'முகத்திமா'வில் ஆராய்ந்திருக்கிறார். தன் விருப்பப்படி ஆளுவது ஒருவகை. உலக நலன் கருதி அறிவின் வழியில் ஆளுவது இரண்டாம் வகை. இம்மைக்கும் மறுமைக்கும் பொருந்த மார்க்கத்தின் வழியில் ஆளுவது கிலாபத். இவ்வாறு பிரித்துக்கொண்டு, கிலாபத் எவ்வாறு படிப்படியாக முடியாட்சியாயிற்று என்பதை அவர் விளக்குகிறார். தொடக்கத்தில் ஆள்பவரைக் கட்டுப்படுத்தியது மார்க்கம். பிற்காலத்தில் அவ்விடத்தைக் குலப்பற்றும் வாளும் பிடித்துக்கொண்டன என்பது அவருடைய கருத்தின் சாரம். பெயர் கிலாபத்தாகவே இருந்தது, பொருள் மாறிவிட்டது.

மதுரையில் ஒரு காழீ

இது அரபு நாட்டுக் கதை என்று எண்ண வேண்டா. இப்னு கல்தூன் வாழ்ந்த அதே நூற்றாண்டில், நம் தமிழ் மண்ணிலேயே ஒரு சுல்தானிய ஆட்சி இருந்தது. டில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் ஆளுநராயிருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் 1335ஆம் ஆண்டளவில் தனியரசை அறிவித்து மதுரையிலிருந்து ஆளத் தொடங்கினார். 1378ஆம் ஆண்டோடு அவ்வரசு விஜயநகரப் படையெழுச்சியால் மறைந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குள் சுல்தான்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போயினர். அஹ்ஸன் கொலையுண்டார். அவருக்குப் பின் வந்தவர் போர்க்களத்தில் அம்பு பட்டு மடிந்தார். மூன்றாமவர் நாற்பது நாள்களில் கொல்லப்பட்டார்.

அடுத்து வந்த கியாதுத்தீன் காலத்தில், இலங்கையிலிருந்து கடல் வழியே வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மதுரைப் பகுதிக்கு வந்தார். டில்லியிலும் மாலத்தீவிலும் காழீயாகப் பணியாற்றியவர் அவர். சுல்தானுக்கு உறவினருங்கூட, இருவரும் அஹ்ஸனின் பெண்மக்களை மணந்தவர்கள். உறவையும் விருந்தோம்பலையும் பெற்ற அவர், தாம் கண்டதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. சிறைப்பட்ட எளிய மக்களை, பெண்டிர் பிள்ளைகள் உட்பட, சுல்தான் கொல்லச் செய்த கொடுமையைத் தம் பயண நூலில் பதிவு செய்து, வேறெந்த மன்னரிடமும் தாம் காணாத இழிசெயல் இதுவென்றும், இதன் பொருட்டே இறைவன் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் கடிந்துரைத்திருக்கிறார்.

முஸ்லிம் பெயர் தாங்கிய ஆட்சி என்பதால் அது மார்க்க ஆட்சியாகிவிடவில்லை. மார்க்கம் அங்கே அரியணையில் அமர்ந்திருக்கவில்லை; அரியணைக்கு அருகில் அமர்ந்து முகம் சுளித்த அந்தக் காழீயின் பேனாவில் இருந்தது. மதுரை சுல்தான்களைப் புகழ்ந்தால்தான் நம் பெருமை நிலைக்கும் என்று நினைப்பவர்களும், அவர்களைக் காட்டி நம்மை இகழ்பவர்களும் இப்னு பதூதாவின் அப்பக்கங்களைப் படித்தல் நலம்.

அம்மனின் அடிமை

இனி, இளைஞன் கையிலிருந்த காசுக்கு வருவோம். புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபு, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சேதுநாட்டு மன்னர் கிழவன் சேதுபதியின் ஆதரவோடு தொடங்கியது. 1948வரை, ஏறத்தாழ இருநூற்று அறுபது ஆண்டுகள் நீடித்தது. 1738இல் அன்றைய மன்னர் விஜயரகுநாதராயத் தொண்டைமான், மௌன விரதம் பூண்டிருந்த சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தார் என்றும், அத்துறவி மணலில் எழுதிக் காட்டிய உபதேசத்தை, அம்மணலையே அள்ளிச் சென்று அரண்மனையில் வைத்துப் போற்றினார் என்றும் அந்நாட்டு மரபு கூறும். திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அரசகுலத்தின் தெய்வம். நவராத்திரி நாள்களில் அரிசியோடு அம்மன் காசும் சேர்த்துத் தானமாக வழங்கப்பட்டது.

ஆனால், 'பிரகதாம்பாள்தாஸ்' என்னும் பட்டத்தை மன்னர் அரசு ஆவணங்களில் சூடிக்கொண்டது மிகப் பிற்காலத்தில்தான். இராமச்சந்திரத் தொண்டைமான் (ஆட்சி 1839–1886) பெருங்கடனில் மூழ்கி, ஆங்கில அரசின் கண்டனத்திற்கும் ஆளானவர். 1878இல் சேஷையா சாஸ்திரி அங்குத் திவானாக வந்தார். அவருடைய யோசனைப்படியே மன்னர் அப்பட்டத்தை ஏற்றார். சாஸ்திரியார் அதற்கு முன் 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூரின் திவான். அங்கே 1750இல் மார்த்தாண்ட வர்மா தம் வாளைப் பத்மநாபசுவாமியின் திருமுன் வைத்து, நாடு முழுவதையும் இறைவனுக்கு ஒப்படைத்து, தாம் 'பத்மநாபதாசர்' என நின்று ஆண்டார். திருப்படித்தானம் என்பது அதன் பெயர். திருவிதாங்கூரில் கண்ட முறையின் சாயல் புதுக்கோட்டையில் விழுந்தது என்று கருத இடமிருக்கிறது.

இந்த ஒப்படைப்பு வெறும் நாடகம் என்று நான் கூற மாட்டேன். 2011ஆம் ஆண்டில் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகள் திறக்கப்பட்டு, உலகமே வியக்கும் செல்வம் வெளிப்பட்டபோது, அது இறைவனுடையது, எங்களுடையது அன்று என்றே அரச குடும்பத்தார் கூறினர். கருவூலம் யாருடையது என்னும் கேள்விக்கு அவ்வளவில் அது நல்ல விடையே. ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. மன்னர் தெய்வத்தின் ஊழியர் என்றால், மன்னரை எதிர்ப்பவர் தெய்வத்தை எதிர்ப்பவராகிவிடுகிறார். இறைவனின் நிழல் என்பதும் இறைவியின் அடிமை என்பதும் கேட்பதற்கு எதிரெதிரானவை. ஒன்று செருக்கு, மற்றது பணிவு. ஆயின் குடிமகன் வாயைக் கட்டுவதில் இரண்டும் ஒரே வேலையைச் செய்துவிடக்கூடும்.

சேஷையா சாஸ்திரியே மற்றொரு செயலையும் செய்தார். அதைத்தான் பட்டத்தைவிட உயர்வாக நான் மதிக்கிறேன். அக்காலச் சமஸ்தானத்தில் 'அமானி' என்றொரு முறை இருந்தது. விளைச்சலில் அரசு நேரடியாகப் பங்கு பெறும். ஆகவே, அரசு ஆள் வந்து பார்க்காமல் உழவர் அறுக்கக்கூடாது. அளக்காமல் வீட்டிற்குக் கொண்டு போகக்கூடாது. நெல்லைக் காக்க ஒருவர், அக்காவலரைக் காக்க மற்றொருவர். இடையில் கையூட்டும் களவும் பெருகின. உழைத்தவர் தம் நெற்குவியலைத் தாமே தொட அஞ்சி நின்றார். சாஸ்திரியார் இம்முறையை நீக்கிப் பணவரியாக மாற்றினார். 'அமானி' என்னும் அச்சொல், நாம் 'அமானிதம்' என்று வழங்கும் அரபுச் சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம்பி ஒப்படைக்கப்பட்டது என்னும் பொருளுடைய சொல், உழவரை நம்பாமல் காவல் போடும் முறைக்குப் பெயராயிற்று. சொற்களும் ஆட்சிகளைப் போலவே தேய்கின்றன.

ஒருவர் சொல்லில் திறந்த கதவு

மன்னராட்சியின் நன்மையையும் தீமையையும் ஒருங்கே காண விரும்புவோர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் காலத்தைப் பார்த்தல் போதும். 1886இல் பதினோரு வயதுச் சிறுவராகப் பட்டத்திற்கு வந்தவர் அவர். ஆண்கள் பயின்ற மன்னர் கல்லூரியில் ஒரு பெண் சேர விரும்பியபோது ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் அனுமதி அளித்தார். அப்பெண்தான் பின்னாளில் மருத்துவராகி, 1927இல் சென்னைச் சட்ட மேலவையில் இடம்பெற்று, தேவதாசி முறை ஒழிப்பிற்குப் பாடுபட்டு, அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நூறு பேர் கூடி விவாதித்திருந்தால் அக்கதவு திறந்திருக்குமோ என்னவோ! ஒருவர் சொன்னார், திறந்தது.

ஆயின் ஒருவர் சொல்லால் திறப்பது ஒருவர் சொல்லால் மூடவும் கூடும். அவர் இல்லாதபோது நாடே திகைத்து நிற்கும். 1915இல் அம்மன்னர் ஆஸ்திரேலிய நாட்டுப் பெண்மணி ஒருவரை மெல்போர்ன் நகரில் மணந்தார். ஆங்கில அரசு அத்திருமணத்தை ஏற்கவில்லை. அதில் பிறந்த மகனுக்குப் பட்டத்துரிமையும் அளிக்கவில்லை. மன்னர் நாட்டை விட்டு வெளிநாட்டில் குடியேறினார். ஆட்சியைச் சகோதரர் பார்த்துக்கொண்டார். 1928இல் மன்னர் பாரிஸ் நகரில் காலமானார். அவ்வாண்டே இராஜகோபாலத் தொண்டைமான் அரியணையில் அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஆறு.

முன்னர் நினைவிற் கொள்ளச் சொன்னதை இப்போது நினைத்துப் பாருங்கள். மதீனாவில், தகுதி நிறைந்த மகன் அருகில் இருந்தும் தந்தை அவரை ஒதுக்கினார். புதுக்கோட்டையில், தகுதியா தகுதியின்மையா என்று பேசவே இயலாத ஆறு வயதுக் குழந்தை அரியணை ஏறிற்று. அக்குழந்தையின்மீதோ மதிப்புக்குரிய அம்மரபின்மீதோ குறை கூற நான் இதை எழுதவில்லை. பிறப்பினால் ஆட்சி வருமென்றால் விளைவு இவ்வாறுதான் இருக்கும். குழந்தை ஆள முடியாதாகையால் அதிகாரிகளே ஆண்டனர். அவர்களை நியமித்ததும் நீக்கியதும் அந்நிய அரசின் கையில் இருந்தது. புதுக்கோட்டைக் குடிமக்களைக் கேட்டவர் எவருமில்லை.

மக்களைக் கேட்க வேண்டுமென்னும் எண்ணம் அங்கு அறவே இல்லாமலும் இல்லை. 1902இல் பிரதிநிதிகள் சபை ஒன்று அமைக்கப்பட்டது. 1924இல் சட்டசபை வந்தது. அவற்றின் அதிகாரம் சிறிது. எனினும், தெய்வத்தின் பெயரால் ஆண்டவர்களும் இறுதியில் மனிதர்களின் வாய்மொழியைக் கேட்க ஓர் அவை வேண்டும் என்பதை உணர்ந்தனர்.

ஒரே தேதியில் இரு முடிவுகள்

1924ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் துருக்கி நாடாளுமன்றம் கிலாபத்தை நீக்கியது. நான்காண்டுகளுக்கு முன்னர்தான் மௌலானா ஷௌகத் அலியும் காந்தியடிகளும் கிலாபத்தைக் காக்கத் தமிழகத்தில் ஊர் ஊராகச் சென்று பேசியிருந்தனர். 1948ஆம் ஆண்டு அதே மார்ச்சு 3ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. கந்தர்வக்கோட்டை போன்ற ஜமீன்களையும் அவ்வாண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. மன்னர்களுக்கு வழங்கப்பட்ட மானியமும் 1971இல் நின்றது. தேதி ஒன்றானது தற்செயல். ஆனால் இரண்டு முடிவுகளின் காரணமும் ஒருவகையில் ஒன்றே. பட்டம் மிஞ்சியிருந்தது, பட்டத்தின் பொருளாகிய பொறுப்பு முன்பே கைவிட்டுப் போயிருந்தது.

இனி, இளைஞனின் கேள்விக்கு விடை கூறலாம். மதீனாவின் முப்பதாண்டு ஆட்சியில் ஆள்பவரைக் கேட்கலாம். ஆனால் அவரை வரவழைக்கவும் வழியனுப்பவும் நிலையான முறையில்லை. மன்னராட்சியில் முறை உண்டு. தந்தைக்குப் பின் மகன் என்னும் ஒழுங்கு நாட்டைத் தலைமுறை தலைமுறையாக நிலைநிறுத்திற்று. ஆனால் கேட்க இயலாது. முன்னது முப்பதாண்டுகளில் தளர்ந்தது. பின்னது இருநூற்று அறுபது ஆண்டுகள் நின்றும் ஒரு கையெழுத்தில் முடிந்தது. கேட்கும் உரிமையையும் நிலையான முறையையும் ஒன்றாக இணைப்பதே ஆட்சிக் கலையின் பெரும்பணி. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் அம்முயற்சிகளுள் ஒன்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமர்த்தவும் இறக்கவும் அது முறை வகுத்தது. கணக்குக் கேட்க அவைகளை அமைத்தது. அதன் குறைகளை நாம் அறிவோம். ஆனால், கேட்க வேண்டிய குடிமகன் கேளாதிருந்தால் அக்குறைகளுக்கு அவனும் பங்காளியாவான்.

நம் வாசலில்

இவ்வளவும் பேசிவிட்டு, நம் மஹல்லாவைப் பற்றிப் பேசாமல் விடுதல் முறையன்று. கலீபாக்களின் எளிமையை மீலாது மேடையில் கண்ணீர் மல்கக் கூறுகின்றோம். ஆனால், பல ஊர்களில் முத்தவல்லி பதவி தந்தைக்குப் பின் மகனுக்கு என்று தொடர்வதைக் கண்டும் வாளாவிருக்கின்றோம். வக்பு நிலத்தின் குத்தகை எவ்வளவு, கடை வாடகை எவ்வளவு, யாரிடம் எத்தனை ஆண்டுகளாக நிற்கிறது என்று கேட்கும் இளைஞனைப் பெரியவரை எதிர்த்துப் பேசுகிறாயா என்று அதட்டி அமர்த்துகின்றோம். அதட்டும் அந்தக் குரல் யாருடைய குரல்? அபூபக்கர் (ரலி) அவர்களின் குரலாக இருக்க முடியாது. சில ஜமாஅத்துகளில் ஆண்டுக் கணக்கை ஜும்ஆவுக்குப் பின் எழுந்து நின்று வாசிக்கின்றார்கள். கேட்பவர்களுள் பாதிப்பேர் கவனிப்பதில்லை, எனினும் வாசிக்கின்றார்கள். மதீனாவின் வழி அங்கே உயிரோடு இருக்கிறது என்பேன்.

திருமணம் முடிந்து திரும்பும் வழியில் புதுக்கோட்டையில் இறங்கினேன். அன்று திங்கட்கிழமை. மன்னரின் அரண்மனையாக இருந்த மாளிகைதான் இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். குறைதீர்க்கும் நாளாகையால் வாசலில் கூட்டம். ஒரு காலத்தில் நவராத்திரியின்போது அரிசியும் அம்மன் காசும் பெறக் குடிமக்கள் வரிசையில் நின்ற ஊர் அது. அன்று நின்றவர்களின் கைகள் தானம் பெற நீண்டன. இன்று நின்றவர்களின் கைகளில் மனுக்கள் இருந்தன. பேருந்தில் என்னோடு வந்த கந்தர்வக்கோட்டை மூதாட்டி ஒருவரும் அவ்வரிசையில் நின்றார். பட்டா மாறுதலுக்காக மூன்றாம் முறை வந்திருப்பதாகக் கூறினார்.

"மறுபடியும் இழுத்தடித்தால் என்ன செய்வீர்கள், அம்மா?" என்று கேட்டேன்.

"அடுத்த திங்கக்கிழமையும் வருவேன்" என்றார்.